ஒரே டியூப், இரண்டு முகம்: கருந்திட்டுக்கு எது சரிவரும்?

என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு வந்தது. கன்ன எலும்பின் மேல், தேசப்படத்தில் தீவு வரைந்ததுபோல ஓரம் வளைந்து வளைந்து ஒரு பழுப்புத் திட்டு. இடப்பக்கம் என்ன உருவமோ வலப்பக்கமும் கிட்டத்தட்ட அதே உருவம். தோல் மருத்துவர் ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார். எட்டு வாரத்தில் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. எனக்கு அப்போது தாடையோரம் முழுக்கப் பரு போன இடங்களில் கறுப்புப் புள்ளிகள். “மிச்சம் இருக்கு, நீ போட்டுப் பாருடி” என்று டியூபை நீட்டினாள்.

முதல் பத்து நாள் கண்ணாடி பார்க்கவே ஆசையாக இருந்தது. பரு அமுங்கியது, தோல் பளபளத்தது. அந்த உற்சாகத்தில் ஒரு வேளை போட வேண்டியதை இரண்டு வேளையாக்கினேன். மூன்றாவது வாரம் மூக்கோரமும் வாயோரமும் உரிய ஆரம்பித்தது, தண்ணீர் பட்டாலே எரிந்தது. பயந்துபோய் நிறுத்தினேன். நிறுத்திய ஒரு வாரத்தில் கடுகு கொட்டியதுபோலப் பரு. அது அடங்கியபோது எண்ணிப் பார்த்தேன்: பழைய புள்ளிகள் அப்படியே இருக்க, புதிதாக இன்னொரு டஜன்.

அக்காவுக்கு மருந்தானது எனக்கு ஏன் வினையானது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன், மருத்துவரிடமும் கேட்டேன். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் எரிச்சலே ஒரு மை. சிகிச்சை எரிச்சலூட்டினால், அழிக்க வந்த கையே எழுதிவிட்டுப் போகும். கிரீம், அமிலத்தால் தோலை உரிக்கும் பீல், லேசர், மாத்திரை என்று ஒவ்வொன்றையும் எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது அதன் வேகத்தை அல்ல, அது தோலை எவ்வளவு சீண்டும் என்பதைத்தான்.

தோலுக்குள் என்ன நடக்கிறது

மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. சிவந்த தோலிலும் கறுத்த தோலிலும் இவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை கட்டும் மெலனின் பொட்டலங்களின் அளவும், அவை பரவும் விதமும்தான் வேறு. ஒரு மெலனோசைட் தன்னைச் சுற்றியுள்ள சுமார் 36 செல்களுக்குப் பொட்டலம் விநியோகிக்கிறது. தயாரிப்புக்கு முக்கியமான நொதி, தாமிரம் கொண்ட டைரோசினேஸ். வெயில், ஹார்மோன், பரு, வெட்டுக்காயம், தீக்காயம், ஓயாத உரசல், இதில் எது வந்தாலும் இந்தத் தொழிற்சாலைக்கு ‘இன்னும் போடு’ என்று ஆர்டர் போகிறது.

இந்தத் தொழிற்சாலையை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் இருக்கும் நூறு டியூபும் நாலைந்து வேலைக்குள் அடங்கிவிடும். சன்ஸ்கிரீன் ஆர்டரையே குறைக்கிறது. ஹைட்ரோகுவினோன், அசெலாயிக் அமிலம், கோஜிக் அமிலம், வைட்டமின் சி ஆகியவை தயாரிப்பில் கை வைக்கின்றன. நியாசினமைடு விநியோகத்தைத் தடுக்கிறது. ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டுகளும் பீலும் ஏற்கெனவே விநியோகமான சரக்கைச் சீக்கிரம் உதிர்க்கின்றன. லேசர் சரக்கை அடித்து நொறுக்குகிறது. ஒரே வேலையைச் செய்யும் மூன்று சீரத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவதைவிட, வெவ்வேறு வேலை செய்யும் இரண்டைச் சேர்ப்பது மேல் என்பது இதிலிருந்தே தெரியும்.

அடுத்தது ஆழம். நிறமி மேல்தோலில் மட்டும் இருந்தால் திட்டு பழுப்பாகத் தெரியும். பரு ஆழமாக வெடித்தோ, ஒவ்வாமை நீண்ட நாள் இழுத்தோ, அடிவரிசைச் செல்கள் சேதமானால் நிறமி கீழே அடித்தோலுக்குள் கொட்டிவிடும். அங்கே துப்புரவுச் செல்கள் அதை விழுங்கிவிட்டு அப்படியே கிடக்கும். அப்போது திட்டு சாம்பலாகவோ நீலம் கலந்த கறுப்பாகவோ தெரியும். பழுப்புத் திட்டு மாதக்கணக்கில் போகும். சாம்பல் திட்டு வருடக்கணக்கில் இருக்கும், சில சமயம் போகவே போகாது. கிரீம் பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. சாம்பல் திட்டுக்கு மூன்றாவது, நாலாவது கிரீம் என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஆழத்தைப் பார்க்க மருத்துவர்கள் உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பதுண்டு. கறுத்த தோலில் அது அவ்வளவு தெளிவாகக் காட்டாது. டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கி அங்கே கூடுதலாக உதவும். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று நிறத்தைப் பார்ப்பது. குளியலறை பல்பு பொய் சொல்லும்.

இது எந்தத் திட்டு?

பரு, கொப்புளம், கொசுக்கடி, சூடு என்று ஏதோ ஒன்று வந்து போன அதே இடத்தில், அதே அளவில் இருந்தால் அது அழற்சிக்குப் பிந்திய கருமை. எனக்கு இருந்தது அது. இது தானாகவே மங்கும் இயல்புடையது. புதிதாகக் காயம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கன்னம், நெற்றி, மேலுதட்டில் பரவி, வெயில் காலத்தில் கறுத்து மற்ற காலத்தில் தெளிந்தால் அது மங்கு. கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் இதைக் கிளப்பிவிடும். பெண்களுக்கே அதிகம் என்றாலும் ஆண்களுக்கும் வரும். மங்கில் நிறமி மட்டும் கூடுவதில்லை. அந்த இடத்தில் ரத்தக் குழாய்களும் கூடுகின்றன, மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே உள்ள சவ்வும் நைந்துபோகிறது. அதனால்தான் அது போனதுபோலப் போய்த் திரும்பி வருகிறது. மங்கைக் ‘குணப்படுத்துகிறோம்’ என்று ஒருவர் உறுதி சொன்னால் எழுந்து வந்துவிடலாம். கட்டுக்குள் வைக்கலாம், அதுவே நல்ல முடிவு.

வயதாக ஆக முகத்திலும் புறங்கையிலும் ஓரம் தெளிவாக, பொட்டு வைத்ததுபோல வருபவை வெயில் புள்ளிகள். கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுப்பது அகந்தோசிஸ். பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அங்கே தேய்த்துக் குளிக்கத் தேய்த்துக் குளிக்கக் கருமை கூடும். அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்த்தே கறுக்கவைத்த கழுத்துகள் ஏராளம். அதற்கு முதல் செலவு கிரீமுக்கு அல்ல, சர்க்கரைப் பரிசோதனைக்கு.

முகத்தின் ஓரம், நெற்றி, கழுத்து என்று சாம்பல் நிறம் படர்ந்தால் தலைச்சாயத்தையோ வாசனைப் பொருளையோ சந்தேகப்பட வேண்டும். அதை நிறுத்தாமல் எந்தச் சிகிச்சையும் பலிக்காது. மினோசைக்ளின், அமியோடரோன், ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் போன்ற மருந்துகளாலும் தோல் நிறம் மாறும். அதற்காக மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. விரல் கணுக்கள் மட்டும் கறுத்தால் பி12 குறைபாடு இருக்கலாம். உள்ளங்கை ரேகை, ஈறு, பழைய தழும்பு எல்லாம் கறுத்து, கூடவே அசதியும் எடைக்குறைவும் இருந்தால் அட்ரினல் சுரப்பியைப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். ஒரே ஒரு புள்ளி, ஓரம் சீரற்று, பல நிறம் கலந்து, வளர்ந்துகொண்டோ ரத்தம் கசிந்துகொண்டோ இருந்தால் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். கறுத்த தோலில் மெலனோமா புற்றுநோய் வருவது அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம். நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால் அதற்கு எந்தச் சீரமும் பூசிப் பார்க்கக் கூடாது.

சன்ஸ்கிரீன்: சிகிச்சையே இதுதான், மற்றதெல்லாம் துணை

இதைச் சொன்னால் ‘அது தெரிந்ததுதானே’ என்று தாண்டிப் போவார்கள். அக்காவும் அப்படித்தான் தாண்டிப் போனாள். ஆனால் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது.

டப்பாவில் போட்டிருக்கும் பாதுகாப்பு எண்தான் எஸ்பிஎஃப். அது 30 என்றால் புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் சுமார் 98. ஆகவே 30-க்கு மேல் எண்ணைத் துரத்துவதில் பெரிய லாபம் இல்லை. பூசும் அளவில்தான் லாபம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை இரண்டு கோடு பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. பெரும்பாலோர் பட்டாணி அளவு பூசிவிட்டு டப்பாவில் போட்டிருக்கும் எண் கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

தெரியாத பாதி இதுதான்: கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும், குறிப்பாக நீலப் பகுதி, மாநிறத் தோலையும் கறுத்த தோலையும் கறுக்க வைக்கிறது. அதை உணரும் ஓப்சின்-3 என்ற ஏற்பி மெலனோசைட்டிலேயே இருப்பது 2018-இல் காட்டப்பட்டது. சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாவைத் தடுத்துவிட்டு இந்த வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். தடுப்பது இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன். மங்கு உள்ளவர்களுக்கு இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சாயமுள்ளதைச் சொல்வேன். அதில் குறை இல்லாமல் இல்லை. சட்டைக் காலரில் ஒட்டும், நம் நிறத்துக்குப் பொருந்தும் சாயம் எளிதில் கிடைக்காது, வியர்த்தால் வழியும். இருந்தாலும், சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துத் தெரியும் துத்தநாக ஆக்சைடு கிரீமைவிட இது முகத்தோடு சீக்கிரம் ஒத்துப்போகும்.

அப்புறம் கண்ணாடி. புற ஊதா ஏ கதிர் சாதாரணக் கண்ணாடி வழியே வரும். காரின் முன்கண்ணாடி இரண்டடுக்கு என்பதால் பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அந்த அளவுக்குத் தடுக்காது. அக்கா தினமும் காரோட்டிப் போகிறவள். இரண்டு கன்னமும் ஒத்திருந்த மங்கு, ஒரு வருடத்தில் ஓட்டுநர் பக்கக் கன்னத்தில் மட்டும் ஒரு படி கூடுதலாகக் கறுத்துப்போனதை நான்தான் கவனித்துச் சொன்னேன். அதற்கு முன் அவள் சொல்லிக்கொண்டிருந்தது, “நான் எங்கடி வெயில்ல போறேன்?”

கிரீம்கள்: ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம்

அக்காவுக்குக் கொடுத்தது மூன்று மருந்து கலந்த கிரீம். நிறமித் தயாரிப்பைக் குறைக்க ஹைட்ரோகுவினோன் 4 சதவீதம், செல் உதிர்வை வேகப்படுத்த ட்ரெட்டினாயின் 0.05 சதவீதம், இரண்டின் எரிச்சலையும் அடக்க ஃப்ளூவோசினோலோன் என்ற ஸ்டீராய்டு 0.01 சதவீதம். இந்தச் சேர்க்கையின் முன்னோடியை 1975-இல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இருவர் வெளியிட்டார்கள். இப்போதுள்ள வடிவத்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002-இல் அனுமதி தந்தது. அனுமதி எதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும்: முகத்தில் உள்ள மங்குக்கு, எட்டு வாரம் வரை. மங்குக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும் பூச்சு மருந்து இல்லை என்றே பல தோல் மருத்துவர்கள் சொல்வார்கள். எனக்குப் பரு அமுங்கியது அதிலிருந்த ஸ்டீராய்டால். நிறுத்தியதும் பரு பொங்கியதும் அதே ஸ்டீராய்டால்தான். உரிந்தது ட்ரெட்டினாயினால். எட்டு வாரம், ஒரு வேளை, மங்குக்கு மட்டும் என்ற மூன்று நிபந்தனையில் இரண்டை நான் மீறியிருந்தேன்.

ஹைட்ரோகுவினோன் தனியாகவும் 2 முதல் 4 சதவீதத்தில் உண்டு. வேகமான மருந்து, ஆனால் மாதக்கணக்கில் நிறுத்தாமல் பூசினால் ஓக்ரோனோசிஸ் வரலாம். அது நீலமும் கறுப்புமாக, சிறுசிறு மணிகள் பதித்ததுபோல வரும் திட்டு. அழிக்கப் போய் அழியாததை வாங்கி வருவது. ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனக் கிரீம்களில் இதைத் தடை செய்திருக்கிறது. அமெரிக்காவில் 2020 முதல் சீட்டில்லாமல் விற்க முடியாது. மூன்று மாதம் போட்டு இடைவெளி விடுவது மருத்துவர்கள் கையாளும் முறை. இதன் ஒன்றுவிட்ட சகோதரன் மோனோபென்சோன். 1939-இல், தோல் பதனிடும் ஆலையில் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்தவர்களின் கை வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்தது. கையுறையில் இருந்த இந்தப் பொருள்தான் காரணம் என்று தெரியவந்தது. அது மெலனோசைட்டையே கொன்றுவிடும், நிறம் திரும்பாது. பெயரைப் பார்த்து ஒன்றுக்கொன்று மாற்றி வாங்கிவிடக் கூடாது.

ட்ரெட்டினாயினும் அதே ரெட்டினாய்டு வகையைச் சேர்ந்த அடாபலினும் பருவையும் புள்ளியையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். பொறுமைதான் விலை. பருக் கருமைக்கு ட்ரெட்டினாயினைக் கறுத்த தோலில் சோதித்து 1993-இல் வந்த ஆய்வு 40 வாரம் நடந்தது. பலன் இருந்தது, பலருக்கு எரிச்சலும் இருந்தது. வாரம் இரண்டு இரவு என்று ஆரம்பித்து மெல்லக் கூட்டுவதுதான் வழி. கர்ப்பம் என்றால் இந்த வகையே வேண்டாம்.

என் ஓட்டு அசெலாயிக் அமிலத்துக்கு. 15 முதல் 20 சதவீதத்தில் வருகிறது. பருவையும் அடக்கும், நிறமியையும் குறைக்கும். துள்ளலாக வேலை செய்யும் மெலனோசைட்டைத்தான் தேடிப் போகும், சாதாரணமாக இருப்பதை விட்டுவிடும். அதனால் திட்டைச் சுற்றி வெளுத்த வளையம் விழுவதில்லை. கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் பொதுவாகப் பாதுகாப்பானதாகக் கருதப்படுவது. சுவாரசியம் என்னவென்றால், இதன்மேல் கவனம் விழுந்ததே தேமலால்தான்: தேமல் உண்டாக்கும் பூஞ்சை இந்த வகை அமிலத்தைச் சுரக்கும், அங்கே தோல் ஏன் வெளுக்கிறது என்று துருவியபோது இது கிடைத்தது. குறை, முதல் இரண்டு வாரம் ஊசி குத்துவதுபோல அரிக்கும். எரிச்சலும் இல்லை சிவப்பும் இல்லை என்றால் அந்த அரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்; ஈரம் காய்ந்த தோலில் பூசினால் குறையும். மங்குக்கு ஹைட்ரோகுவினோனுக்குச் சமமாக இது நின்ற ஆய்வுகள் உண்டு.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். நியாசினமைடு 4, 5 சதவீதம்: சாது, யாருக்கும் ஒத்துப்போகும், பலன் மிதம், 10 சதவீதம் வாங்கினால் இரட்டிப்புப் பலன் வராது. வைட்டமின் சி: புதிதாக இருக்கும்போது நல்லது, பாட்டிலுக்குள் தேநீர் நிறமானால் தூக்கிப் போடலாம். கோஜிக் அமிலம்: வேலை செய்யும், ஒவ்வாமையும் தரும். சிஸ்டியமின் 5 சதவீதம்: மங்குக்குப் பலன் உண்டு, நாற்றமும் உண்டு.

பீலும் லேசரும்: வேகத்துக்குக் கொடுக்கும் விலை

பீல் என்பது தோலின் மேல்பரப்பை அமிலத்தால் கணக்காக உரித்தெடுப்பது. கிளைகாலிக், சாலிசிலிக், லாக்டிக், மாண்டெலிக் என்று பல. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் நாலைந்து தடவை. மேலோட்டமான பீல், கிரீம் செய்யும் வேலையைக் கொஞ்சம் வேகப்படுத்தும். தனியாக அதை மட்டும் செய்தால் நிலைப்பதில்லை. ஆழமான பீல் கறுத்த தோலுக்கு ஆகாது. எனக்குப் பிடித்த விதி: எண்ணெய் வழியும் பருத் தோலுக்குச் சாலிசிலிக், தொட்டாற்சிணுங்கித் தோலுக்கு மாண்டெலிக் அல்லது லாக்டிக், அடுத்த மாதம் கல்யாணம் என்று அவசரப்படுபவர்களுக்கு ஒன்றும் வேண்டாம். உரிந்த தோலோடு மேடையில் நிற்பதைவிடப் புள்ளியோடு நிற்பது தேவலை. வீட்டிலேயே செய்துகொள்ள இணையத்தில் விற்கும் 30, 50 சதவீத அமிலங்களைப் பற்றிச் சொல்ல ஒரே வார்த்தை: வேண்டாம்.

லேசரின் அடிப்படையை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1983-இல் வகுத்தார்கள்: எந்த நிறம் எந்த அலைநீளத்தை விழுங்குமோ அந்த ஒளியை, சுற்றுப்புறம் சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் அளவுக்குச் சிறு துடிப்பாகப் பாய்ச்சினால் நிறமி மட்டும் உடையும். தனித்தனியான வெயில் புள்ளிக்கு இது அருமையாக வேலை செய்கிறது. ஓரிரு அமர்வில் பொருக்கு கட்டி உதிர்ந்துவிடும். அங்கே கிரீமோடு மாரடிப்பதில் அர்த்தம் இல்லை.

மங்குக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது. மங்கில் தொழிற்சாலையே கொதித்துக்கொண்டிருக்கிறது. சரக்கை உடைத்தாலும் அடுத்த ஷிப்ட் தயாரித்துவிடும், லேசரின் சூடே அதற்கு இன்னொரு ஆர்டர். 1064 நானோமீட்டர் க்யூ-ஸ்விட்ச்டு லேசரைக் குறைந்த சக்தியில் வாரக்கணக்கில் கொடுப்பதைத்தான் ‘லேசர் டோனிங்’ என்கிறார்கள். ஆரம்பத்தில் தெளியும். நிறுத்தியதும் பலருக்குத் திரும்பும், சிலருக்கு முன்னைவிடக் கறுத்துத் திரும்பும். தடவை கூடக் கூட, வெள்ளைச் சொட்டுத் தெளித்ததுபோல நிறம் போன புள்ளிகள் விழவும் வாய்ப்பு உண்டு. கருமையாவது மங்கும், அந்த வெள்ளை சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். ஐபிஎல் என்ற ஒளிச் சிகிச்சை கறுத்த தோலில் தீப்புண் ஏற்படுத்தும் அபாயம் அதிகம். ஆகவே மங்குக்கு லேசர் கடைசி வரிசையில். அதுவும் கிரீமும் சன்ஸ்கிரீனும் மூன்று, நான்கு மாதம் ஒழுங்காகப் போட்ட பிறகு, உங்கள் நிறத் தோலில் பழகிய மருத்துவரிடம், காதோரம் சிறு இடத்தில் சோதித்துவிட்டு. முதல் நாளே எட்டு அமர்வுக்கு முன்பணம் கேட்கும் இடத்தில் நான் உட்கார மாட்டேன்.

மாத்திரை

டிரானெக்சாமிக் அமிலம் ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து. ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் கண்டுபிடித்து 1962-இல் வெளியிட்டது. 1979-இல் அங்கேயே ஒரு மருத்துவர், வேறு நோய்க்கு இதைக் கொடுத்தவரின் மங்கு தெளிவதைக் கவனித்தார். இப்போது மங்குக்கு 250 மில்லிகிராம் தினமும் இரண்டு வேளை, சில மாதம் என்பது வழக்கம். கிரீமுக்கு மசியாத மங்குக்கு உண்மையிலேயே நல்ல மருந்து. நிறுத்திய சில மாதத்தில் திரும்பக்கூடும். ஆனால் ரத்தம் உறையும் நோய் தனக்கோ நெருங்கிய உறவுக்கோ இருந்தவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பக்கவாதம் வந்தவர்கள் தொடக் கூடாது. அழகுக்காக விழுங்கும் மாத்திரையில் ரத்தக்கட்டி அபாயம் இருக்கிறது என்பதால், மருத்துவர் கேள்வி கேட்டு எழுதித் தந்தால் மட்டுமே. பருக் கருமைக்கு இதை முதலில் எடுக்கத் தேவையில்லை.

குளுட்டாதியோன் ஊசி பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கருந்திட்டுக்கு அது பலன் தரும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை, நரம்பில் ஏற்றும் எதற்கும் அபாயம் உண்டு. அவ்வளவுதான்.

எலுமிச்சைச் சாறு இயற்கைதானே என்பார்கள். அதில் உள்ள சொராலென் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் வெந்துபோகும். சாறு வழிந்த தடத்திலேயே கறுப்புக் கோடு விழும். பற்பசை, சமையல் சோடாவில் சொராலென் இல்லை, ஆனால் எரிச்சலூட்டியே கறுக்க வைக்கும்.

இதைவிட மோசம், பேர் தெரியாத ‘ஏழு நாள்’ வெள்ளைக் கிரீம்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் கடுமையான ஸ்டீராய்டு, அல்லது பாதரசம். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கி, விட்டால் சிவந்து எரியும்படி அடிமையாக்கிவிடும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரே துண்டு, ஒரே தலையணை வழியாக வீட்டுக் குழந்தைகளுக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் மினமாட்டா ஒப்பந்தம் முதலில் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்று வரம்பு வைத்தது. 2023-இல் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவுமே 2025-க்குப் பிறகு கூடாது என்று முடிவெடுத்தன. உறையில் கேலமல், மெர்க்குரஸ் குளோரைடு என்று இருந்தாலோ, உள்ளடக்கமே அச்சிடாமல் இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம்.

யாருக்கு எது

பருப் புள்ளி என்றால் பருவை நிறுத்தாமல் புள்ளியைத் துரத்துவது வீண்: அசெலாயிக் அல்லது அடாபலின், கூடச் சன்ஸ்கிரீன், கிள்ளாத கை. பன்னிரண்டு வாரத்துக்குள் தீர்ப்பு எழுதக் கூடாது. மேல்தோல் தன்னை ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளவே ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். பொறுக்க முடியாவிட்டால் மேலோட்டமான பீல் சேர்க்கலாம். மங்கு என்றால் சாயமுள்ள சன்ஸ்கிரீன், எட்டு வாரம் மூன்று மருந்துக் கிரீம், பிறகு அசெலாயிக்கிலோ நியாசினமைடிலோ நீண்ட பராமரிப்பு, மசியாவிட்டால் மாத்திரை. கர்ப்பத்தில் வந்த மங்கு பிரசவத்துக்குப் பிறகு சில மாதத்தில் தானாகவே குறைவதுண்டு. அதுவரை சன்ஸ்கிரீனும் அசெலாயிக்கும் போதும். வெயில் புள்ளிக்கு, மருத்துவர் பார்த்து அது வெயில் புள்ளிதான் என்று சொன்ன பிறகு, லேசர். கழுத்துக் கருமைக்குச் சர்க்கரைப் பரிசோதனையும் எடைக் கட்டுப்பாடும், கூட ரெட்டினாய்டு. சாம்பல் திட்டுக்கு, காரணத்தை நிறுத்திவிட்டுச் சும்மா விடுவதும் ஒரு மரியாதையான தேர்வு. முழங்காலுக்குக் கீழே சைலன்சர் சுட்ட தழும்பு ஒன்று எனக்கு நான்கு வருடமாக இருக்கிறது. அதற்கு நான் எதுவும் போடுவதில்லை.

எதைத் தொடங்கினாலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது: அதே ஜன்னல், அதே நேரம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை. தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. என் தாடைப் புள்ளிகள் பாதியானது மூன்றாவது படத்தில்தான் தெரிந்தது.

அக்காவின் மங்கு அடுத்த வெயில் காலத்தில் திரும்பி வந்தது, டியூப் முடிந்ததும் சன்ஸ்கிரீனையும் விட்டிருந்தாள். லேசர் செய்யலாமா என்று கேட்டாள். முதலில் காரில் ஏறுமுன் சாயமுள்ளதைப் பூசு, மூன்று மாதம் போகட்டும் என்றேன். அப்போதுதான் அலமாரியில் இருந்த என் அசெலாயிக் டியூபைப் பார்த்தாள், “இது எனக்கு ஆகுமா?” என்று கேட்டாள். அவளுடைய மருத்துவரிடம் போனில் கேட்டுவிட்டு, பழைய டியூபைக் கொடுக்காமல் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரவு பத்தரைக்கு அழைத்தாள்.

“அரிக்குதுடி.”

“சிவந்திருக்கா?”

“இல்ல.”

“அப்ப இன்னும் பதினோரு நாள்.”